மேல் வரி

மேல் வரி நிரம்பி வந்திருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பிய உடனேயே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படித்து, பிறகு யாரும் ஏமாற வேண்டாம்.

என் தம்பி இசை எழுதுகிறவன். நான் அரங்கத்தில் விளக்குப் போடுகிறவள். அவன் எழுதும் இசைத்தாளில் பியானோவுக்கு இரண்டு வரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வரி வெறுமையாக இருக்கும். அது வெளிச்சத்துக்கு. அதை அவன் தொட மாட்டான். தாள்களைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் போட்டு, "இந்தா உன் வீட்டுப்பாடம்" என்று சொல்லிவிட்டு, தின்ன என்ன இருக்கிறது என்று என் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பான். எங்கே வெளிச்சம் ஏற வேண்டும், எத்தனை நொடியில் ஏற வேண்டும், என்ன நிறம், எங்கே இருட்டு, எல்லாவற்றையும் நான் பென்சிலால் அந்த மேல் வரியில் எழுதுவேன். பதினொரு வருஷம், ஏழு படைப்புகள், இதுதான் வழக்கம். போஸ்டரில் இசை என்று அவன் பெயரும் ஒளி என்று என் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும். ஒரே அளவுதான். ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது படைப்பில் அந்த வரி நிரம்பி வந்தது. அதுவும் கலர் பென்சிலில். ஒவ்வொரு சுரத்துக்கும் நேர் மேலே குட்டிக் குட்டிக் கட்டங்கள், கோட்டைத் தாண்டாமல் தீட்டியவை. பச்சை, ஊதா, வெளிர் நீலம், செங்கல் நிறம். பார்க்க அழகாக வேறு இருந்து தொலைத்தது.

"யார்றா எழுதினது இதை?"

தம்பி பிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தான். அங்கிருந்தே பதில் வந்தது. "அவங்கதாங்க்கா. பியானோ வாசிக்கப்போறவங்க."

"வாசிக்க வந்தவங்க வாசிச்சுட்டுப் போகவேண்டியதுதானே?"

"அவங்களுக்குச் சத்தம் நிறமாத் தெரியும்க்கா. நெஜமாத்தான். ஒரு சுரம் கேட்டா ஒரு நிறம் வந்து கண்ணு முன்னாடி நிக்குமாம். சின்ன வயசுலேர்ந்தே அப்படியாம். அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்காங்க. நீ பாரு. புடிக்கலன்னா மாத்திக்கோ."

மாத்திக்கோ என்று அவன் சொன்ன விதத்தில் மாற்றிவிடாதே என்பதுதான் இருந்தது. இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். இவன் வாய் ஒன்று சொல்லும்போது மனசு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். "பொண்ணு எப்படிடி இருக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"பியானோ வாசிக்கற பொண்ணுதான். உங்கிட்ட இன்னும் சொல்லலையா அவன்?"

சொல்லவில்லை. எனக்கு இசைத்தாள் வந்தது, அம்மாவுக்குக் கல்யாணச் செய்தி வந்தது. இரண்டிலும் என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மனசுக்குள் நான் அவளுக்கு வானவில் என்று பெயர் வைத்தேன். முதல் ஒத்திகைக்கு வந்தபோது பார்த்தேன். முப்பது வயசுக்குள் இருக்கும். ஒல்லி. கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை. எப்போதும் கை சில்லிட்டுப் போகும் என்று உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டே நடந்தாள். மேடை ஏறியதும் செருப்பைக் கழற்றிப் பியானோவுக்குக் கீழே ஜோடியாக வைத்தாள். பிறகு அண்ணாந்து, விளக்கு மேசையில் இருந்த என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அக்கா! உங்க வேலை எல்லாத்தையும் பாத்திருக்கேங்க்கா. ஒண்ணுல நாலு நிமிஷம் மொத்தமா இருட்டாக்கி வச்சிருப்பீங்களே, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

பதினொரு வருஷத்தில் அந்த இருட்டைப் பற்றி என்னிடம் வேறு யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். அதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவளாகவா இருக்க வேண்டும்? வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் கீழே இறங்கி வந்து கட்டிப்பிடித்திருப்பேன். இவளிடம், "அப்படியா, சந்தோஷம்" என்றேன்.

எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது. சத்தம் ஏறும்போது விளக்கை ஏற்றுவதும், சத்தம் இறங்கும்போது இறக்குவதும் எந்தக் குழந்தையும் செய்யும். கல்யாண வீட்டு சீரியல் பல்புக்கும் அது தெரியும். வெளிச்சம் பாட்டுக்குப் பின்னாலேயே வாலைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கொஞ்சம் முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் வேண்டுமென்றே பின்தங்க வேண்டும். தம்பி உரக்கப் பேசும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். அவன் தயங்கும் இடத்தில், அவனுக்கே தெரியாததை நான் காட்டுவேன். எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. அவன் ஒன்று சொல்ல, நான் எதிர்த்துப் பேச. வீட்டில் எப்படியோ மேடையிலும் அப்படியே.

வானவில்லின் வரியில் எதிர்ப்பேச்சே இல்லை. இந்தச் சுரமா, இந்த நிறம். அந்தச் சுரமா, அந்த நிறம். சொன்னதைச் சொல்லும் கிளி. "இது ஒளி இல்லடா, ஜவுளிக்கடை கலர் கார்டு" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் என் கிண்டலுக்கு முதல் ஆளாகச் சிரிப்பான்.

சரி, போட்டுத்தான் பார்ப்போம், அசிங்கப்படட்டும் என்று அவள் எழுதியதை அப்படியே ஓட்டினேன். முதல் இரண்டு பகுதிகளும் நான் நினைத்த மாதிரிதான். அழகு, ஆனால் அவ்வளவுதான். மூன்றாம் பகுதியில் ஓர் இடம் வரும். அடிச் சுரம் ஒன்றை அழுத்தி, அது தானாகச் செத்துப்போகும் வரை விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அங்கே இருட்டைப் போட்டிருப்பேன். யோசிக்கவே மாட்டேன். அவள் வெளிர் சாம்பல் எழுதியிருந்தாள். வேண்டாவெறுப்பாக விளக்கு மேசையின் கட்டையை நகர்த்தினேன். மேடை மழைக்கு முந்தின காலை மாதிரி ஆனது. சத்தம் தேய்ந்துகொண்டே போக, சாம்பல் மட்டும் நின்றது. நான் செய்திருக்க வேண்டியது அது. எனக்குத் தோன்றாதது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். சத்தமாவது நிறமாகத் தெரிவதாவது. நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கட்டிவிட்ட கதை. நான் இருபது வருஷம் ஏணியில் ஏறி இறங்கிக் கற்றதை, இவள் பிறக்கும்போதே கொண்டுவந்தாளாம். குட்டை உடைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வழி என் கையிலேயே இருந்தது. விளக்குக்கு முன்னால் செருகும் கலர் தாள்களுக்கு ஒரு மாதிரிப் புத்தகம் உண்டு. உள்ளங்கை அளவு, முந்நூறு தாள், நீலத்தில் தொடங்கி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். பக்கத்துத் தாளுக்கும் அடுத்த தாளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டும். எண்களை எல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தேன். ஒரு செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே டார்ச்சை வைத்து, வெளி வெளிச்சம் எதுவும் கலக்காமல் தாளைப் பார்க்கிற மாதிரி செய்தேன். விளக்கு கண்ணை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? வெளிச்ச விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்லிவிட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை, மேடை விளக்கு எதுவும் போடுவதற்கு முன்னால், அவளைப் பிடித்தேன். "ஒரு சின்ன வேலைம்மா. நடுவுல இருக்கற எட்டு வெள்ளைக் கட்டையும் ஒண்ணொண்ணா அடி. உனக்கு என்ன நிறம் தெரியுதோ அந்தத் தாளைக் காட்டு. சரியான கலர் தாள் வாங்கணுமில்ல, அதுக்குத்தான்."

"அய்யோ, எவ்ளோ அக்கறையா செய்றீங்க!" என்றாள். அவள் டப்பாவுக்குள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரிச் சிரித்துக்கொண்டே, எட்டுக்கும் எட்டுத் தாள் காட்டினாள். தயக்கமே இல்லை. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வியாழன் மதியம் மறுபடி கூப்பிட்டேன். அன்று நான் எட்டுப் பெரிய விளக்குகளையும் பியானோவின் திறந்த மூடிக்கு நேரே குறிவைத்து, ஒன்றரை மணி நேரமாக எரியவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அரங்கத்தில் இன்னும் பழைய விளக்குகள்தான், நெருப்புக் கக்கும். அவள் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அதே டப்பா, அதே டார்ச், அதே எட்டுக் கட்டை.

முதல் சுரத்தை அடித்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். நிறுத்தினாள். திரும்ப அடித்தாள். "இன்னைக்கு எல்லாம் ஒரு மாதிரி வாடிப்போன மாதிரி இருக்குக்கா. எனக்குத் தூக்கம் சரியில்லையோ என்னவோ" என்றாள். அப்புறம் காட்டினாள். நான் நோட்டைப் பார்த்தேன். வேறு தாள். இரண்டாவதும் வேறு. எட்டும் வேறு. ஒன்றுகூடச் செவ்வாய்க்கிழமைத் தாள் இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? பரீட்சையில் பக்கத்துப் பையனின் பிட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்கு இருக்குமே, அது. அசல் கேவலமான சந்தோஷம். ஆனால் சந்தோஷம்தான்.

தம்பியைக் கூப்பிட்டேன். மூன்று பேர் மேடையில். நோட்டைப் பியானோ மேல் விரித்தேன்.

"இந்தா, செவ்வாய். இந்தா, வியாழன். ரெண்டே நாள். அதே சுரம், அதே ஆளு. எட்டுக்கு எட்டும் தப்பு. சின்ன வயசுலேர்ந்து தெரியற நிறம் ரெண்டு நாள்ல மாறிப்போயிடுமா? நான் கலர் தாள் விக்கறவங்ககிட்ட போய் எந்த நம்பர் கேக்கட்டும், சொல்லு."

வானவில் நோட்டைப் பார்த்தாள். டப் என்று பதில் சொல்லுவாள், பூசி மெழுகுவாள், சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன். அவளோ புத்தகத்தை எடுத்து, முதலில் காட்டிய தாளையும் பிறகு காட்டிய தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பொய் சொல்லலக்கா," என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஆனா ரெண்டு நாளும் வேற வேறதான் காட்டியிருக்கேன்" என்றாள்.

தம்பி எதுவும் பேசவில்லை. பெருவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நோட்டில் இருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் இசைத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மேல் வரியை நீங்களே எழுதிடுங்கக்கா. நான் வாசிக்கறதோட நிறுத்திக்கறேன்."

ஜெயித்துவிட்டேன். ரப்பரால் கலர் பென்சிலை அழித்தால் முழுசாகப் போகாது, தாள் அழுக்காகும். அதனால் புதிதாக ஒரு பிரதி எடுத்து, என் மேசையில் உட்கார்ந்து, என் பென்சிலால் என் வரியை எழுதினேன். மூன்று நாளில் முடித்தேன். எதிர்ப்பேச்சு, தாமதம், முன்னோட்டம், இருட்டு, எல்லாம் என் பாணி. மூன்றாம் பகுதியில் அந்த அடிச் சுரத்துக்கு வந்து நின்றேன். இருட்டு என்று எழுதினேன். அழித்தேன். மங்கிய ஊதா என்று எழுதினேன். அழித்தேன். கடைசியில் வெளிர் சாம்பல் என்று எழுதிவிட்டுப் பென்சிலைத் தூக்கி எறிந்தேன். ஜெயித்தவளின் தாளிலும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒத்திகைகள் நடந்தன. அவள் சரியாக வாசித்தாள். ஒரு சுரம் தப்பவில்லை. ஆனால் டைப் அடிக்கிற மாதிரி இருந்தது. முன்பு வாசிக்கும்போது அவள் கண் பியானோவுக்கு ஓர் அடி மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது தலையைக் குனிந்து விரலையே பார்த்தாள். "என்னங்க ஆச்சு?" என்று தம்பி கேட்டபோது நான் ஒரு விளக்கைச் சரிசெய்யக் கீழே இறங்கி வந்திருந்தேன். "பாக்காம வாசிக்கப் பழகறேன்" என்றாள். எனக்கு அதிலும் ஒரு கோபம். தோற்றால் சண்டை போட வேண்டும், அழ வேண்டும். இப்படி ஒழுங்காக நடந்துகொண்டு என்னைக் கொல்லக் கூடாது.

நிகழ்ச்சி நாள் காலையில் சாவிக்காரர் வந்தார். பியானோவுக்குச் சுரம் சேர்ப்பவர் அவர். கம்பியை முறுக்கும் சாவியும், தட்டினால் எப்போதும் ஒரே சுரம் ஒலிக்கும் ஒரு கவைமுள்ளும் வைத்த தோல்பையோடு, இருபது வருஷமாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் வருகிறார். வந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

"விளக்கைப் போடும்மா. ராத்திரிக்குப் போடப்போற எல்லாத்தையும் போடு."

போட்டேன். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார். வழக்கம்தான். அன்று எனக்கு மனசு சரியில்லை, யாரையாவது சீண்ட வேண்டும் போல இருந்தது.

"கண்ணாடி மாத்தக் கூடாதாண்ணே? கண்ணு தெரியலன்னு எட்டு விளக்கு எரிக்கறீங்க. நிர்வாகத்துல எனக்குத்தான் திட்டு விழுது."

அவர் டீயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என் கண்ணுக்கு என்ன? நான் கண்ணை மூடிக்கிட்டுதான் சேர்ப்பேன்."

"அப்புறம் எதுக்கு விளக்கு?"

"சூட்டுக்கும்மா! இத்தனை வருஷமா நீ எனக்கு வெளிச்சம் காட்டறதா நெனச்சியா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன் விளக்கு பட்டா கம்பி சூடாகும். சூடானா தளரும். தளர்ந்தா சுரம் எறங்கும். காலைல குளிர்ல சேர்த்துட்டுப் போனா ராத்திரி பூரா எறங்கின சுரத்துலதான் வாசிக்கணும். அதான் சூட்டுலயே சேர்க்கறேன். விளக்கை அணைச்சுட்டுப் பாரு, தானா ஏறிடும்."

"எவ்ளோ எறங்கும்?"

"முடியளவு. உனக்கும் எனக்கும் பழகின காது, கொஞ்சம் உறுத்தும். மத்தவங்களுக்குத் தெரியாது. ஆனா சில பேருக்குக் காது கத்தி மாதிரி இருக்கும். அவங்களுக்கு அது வேற சுரம்."

கவைமுள்ளைத் தட்டிப் பியானோ ஓரத்தில் ஊன்றினார். நடுக்கட்டையை அடித்தார். இரண்டும் ஒட்டாமல் உறுமின. அதை நான் என் காதால் கேட்டேன்.

நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்து விரித்தேன். செவ்வாய், வியாழன். எட்டும் தப்பு என்றுதான் அன்று பார்த்தேனே தவிர, எப்படித் தப்பு என்று பார்க்கவில்லை. எல்லாமே புத்தகத்தில் ஒரே திசையில், பின்பக்கமாக நகர்ந்திருந்தன. இரண்டு தாள், மூன்று தாள், இரண்டு, இரண்டு, மூன்று. முன்பக்கமாக ஒன்றுகூடப் போகவில்லை. பொய் சொல்கிறவள் கண்டபடி தப்புவாள். இவள் தப்பவே இல்லை. என் எட்டு விளக்கும் கம்பியை முடியளவு இறக்கின, அந்த முடியளவை அவள் பார்த்தாள். வாடிப்போன மாதிரி இருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டும் சொன்னாள். கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று டப்பா செய்த புத்திசாலி, கம்பியைச் சுட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன் தம்பி இதெல்லாம் சொல்லலையா?" என்றார் சாவிக்காரர், சாவியைத் துடைத்துக்கொண்டே. "போன வெள்ளிக்கிழமையே போன் பண்ணிக் கேட்டாரே. விளக்குச் சூட்டுக்கு நடுச் சுரம் எவ்ளோ எறங்கும்னு. விவரமாச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை. நான் நோட்டை விரித்ததற்கு மறுநாள்.

தம்பி ஒப்பனை அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன். "வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "தெரியும்க்கா."

"ஏன்டா சொல்லல? அவ ஒரு வாரமா தன் கண்ணையே நம்பாம உக்காந்து வாசிக்கறா. நீ கட்டிக்கப்போறவ இல்லையா?"

"சொன்னா நீ மேல் வரியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவே."

"போனா என்ன? அவ எழுதுவா."

"அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன்க்கா. அவ்ளோ சந்தோஷமா நான் உன்னைப் பாத்ததே இல்ல." சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னான். "அவங்களுக்கு வாசிப்பு இருக்கு, ஊர் ஊரா கச்சேரி இருக்கு. உனக்கு இது ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். நான் போராடி வாங்கினேன் என்று நினைத்தது, அழுகிற குழந்தையின் கையில் திணித்த பொம்மை. பதினொரு வருஷம் நான் அவனுக்குச் சமமாக எதிர்ப்பேச்சுப் பேசுகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? அவன் பாவம் பார்த்திருக்கிறான். அதற்காக அவளைப் பொய்க்காரியாகவே விட்டுவைத்திருக்கிறான். அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. அவளுக்கு எல்லாம் இருக்கிறதாம்.

"இஸ்திரிப் பெட்டி காயுது பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் பக்கத்து அறையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டிருந்தாள். வெறுங்கால். நான் நின்றுகொண்டே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, சூடு, கம்பி, முடியளவு, பின்பக்கம் நகர்ந்த எட்டுத் தாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "நீ காட்டினது ரெண்டு நாளும் சரி. தப்பு என்னோடது" என்றேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது, துடைக்கவும் கை இல்லை. "அக்கா, இதுவரைக்கும் யாரும் என்னைச் சோதிச்சுப் பாத்ததில்லக்கா. சில பேரு ஆஹான்னுவாங்க, சில பேரு சிரிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் தாளும் டார்ச்சும் எடுத்துட்டு வந்து பாத்தீங்க. அதனால நீங்க சொன்னதும் எனக்கு என் கண்ணுமேலயே சந்தேகம் வந்துடுச்சு."

"சாயங்காலம் உன் வரியை ஓட்டறேன்" என்றேன்.

"வேண்டாங்க்கா. உங்களோடதே இருக்கட்டும். நான் கலர் அடிச்சேன், நீங்க பதில் சொல்லியிருக்கீங்க. எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"மூணாம் பகுதியில இருக்கற சாம்பல் உன்னோடது. அதை எடுக்க முடியல."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஏதோ கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க தம்பிக்கு இது தெரியுமாக்கா?"

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கு அவர் ஒரு வார்த்தை பேசல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. பரவால்ல, அவருக்கும் புரிஞ்சிருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். தெரிஞ்சும் பேசாம இருந்திருந்தார்னா, நான் இன்னைக்கு வாசிச்சுட்டு நேரா பஸ் ஏறிடுவேங்க்கா. அப்புறம் திரும்பி வர மாட்டேன்."

தெரியும் என்று ஒரே வார்த்தை. அதுவும் உண்மை. சொன்னால் மேல் வரி எனக்கு, போஸ்டர் எனக்கு, தம்பி பழையபடி என் பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு எனக்கு. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கேட்டாள், சொன்னேன். வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. நான் அதற்கு நிறையவே ஆசைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"தெரியாது" என்றேன். "அவனுக்கு என்ன தெரியும்? சாவிக்காரர் இப்பத்தான் எங்கிட்டயே சொன்னாரு. இனிமேதான் அவன்கிட்ட சொல்லணும்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "நானே போய் சொல்லட்டுமாக்கா?"

"போய் சொல்லு."

ஈரக் கையோடு ஓடினாள். நான் படியேறி விளக்கு மேசைக்குப் போனேன். மேலே இருந்து மேடை தெரியும், பேச்சுக் கேட்காது. அவள் இழுத்துக்கொண்டு வந்த தம்பி பாதி இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையில் நின்றான். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பியானோ மூடியைக் காட்டினாள், விளக்குகளைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். அவன் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவன் மாதிரி வாயைப் பிளந்தான், தலையில் கை வைத்தான். நடிப்பு ரொம்ப சுமார். அவள் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலைக்கு மேலாக அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வை முழுக்க நன்றி. எனக்கு அது போதவில்லை, இப்போதும் போதவில்லை. நான் அவர்கள் இரண்டு பேர் மேலும் இருந்த வெளிச்சத்தை மெல்ல இறக்கினேன், பத்து நொடியில், ஒரு துள்ளல் இல்லாமல்.